கண்மாய் சர்க்காருடையது என்றால், எந்தச் சர்க்கார்?

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் ஊர் மலையும் கண்மாயும் அரசு நிலம் என்கிறார்கள். எந்த அரசு? டங்ஸ்டனுக்காக டெல்லி எப்படி எங்கள் மலையை ஏலம் விட்டது? அதை எதிர்த்துச் சட்டமன்றம் போட்ட தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா? அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆக்கியதுபோல எங்கள் ஊரையும் ஆக்கினால், யுனெஸ்கோ, ஐ.நா. என்று போய்க் கடைசியில் வெளிநாட்டுக்காரன் கைக்கு நிலம் போய்விடும் என்கிறார் எங்கள் மாமா. நிஜமா?"

மாமாவுக்கான பதில் கொஞ்சம் தள்ளி வருகிறது. அதற்கு முன்னால் 'அரசு நிலம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். வருவாய்த் துறையில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். அத்தனை வருடமும் தினமும் எழுதிய சொல் அது. அதைப் போல ஆளைக் குழப்புகிற சொல் இன்னொன்று கிடையாது.

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் விளைச்சலுக்கு இரண்டு பங்கு உண்டு. ஆள்கிறவருக்கு மேல்வாரம், உழுகிறவருக்குக் குடிவாரம். பாண்டியர் போய் நாயக்கர் வந்தார்கள், நாயக்கர் போய் நவாப் வந்தார், 1801-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. மேல்வாரம் வாங்கும் கை மாறிக்கொண்டே இருந்தது. குடிவாரக்காரர் தன் வயலில்தான் இருந்தார். ஆள்வது என்பது நிலத்தின் மேல் ஒரு பங்கு. நிலமே ஆள்கிறவருடைய சொத்து என்று அதற்குப் பொருள் இல்லை. இறையாண்மை, உடைமை என்று வக்கீல்கள் பிரித்துப் பேசுவதை நம் முன்னோர்கள் இரண்டு வாரமாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பது என் கணக்கு. இன்றைக்கு வித்தியாசம் என்னவென்றால், மேல்வாரம் வாங்க ஒரு ராஜா இல்லை. டெல்லி, சென்னை, உங்கள் ஊராட்சி என்று மூன்று பேர் இருக்கிறார்கள்.

'சர்க்கார் நிலம்' என்பதற்குச் சட்டத்தில் உருவம் கொடுத்தது 1905-ஆம் ஆண்டின் மூன்றாவது மதராஸ் சட்டம். நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்போம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் பிரிவைத் தமிழில் யாராவது ஊர் மந்தையில் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பொதுச் சாலை, தெரு, சந்து, பாலம், கடற்படுகை, ஆற்றுப்படுகை, ஓடை, ஏரி, கண்மாய், வாய்க்கால், நிற்கிற தண்ணீர், ஓடுகிற தண்ணீர் என்று அடுக்கிக்கொண்டே போய், 'எங்கே இருந்தாலும் மற்ற எல்லா நிலமும்' என்று சொல்லி, அத்தனையும் அரசின் சொத்து என்று அறிவிக்கிறது. ஜமீன்தார், இனாம்தார், ரயத்துவாரிப் பட்டாதாரர் போன்றவர்களின் நிலத்துக்கு மட்டும் விலக்கு. கோயில் மனைக்கும், குடியிருப்பு மனைக்கும் கொல்லைக்கும் விலக்கு.

அந்தக் கடைசி விலக்கைக் கவனியுங்கள். கிராம நத்தம், அதாவது ஊரின் குடியிருப்பு நிலம், சர்க்காருடையது அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்வதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நத்தத்தில் தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவரைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பாளர் என்று விரட்ட முடியாது. இது தெரியாமல் பயந்து நடுங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. ஒரு பெரியவர் கண்மாய் உள்வாயில் விவசாயம் பண்ணிக்கொண்டு, இருபது வருடத்து பி மெமோ ரசீதுகளை லேமினேட் செய்து எடுத்து வந்தார். "சார், வருஷா வருஷம் கட்டியிருக்கேன், பட்டா குடுங்க" என்றார். பி மெமோ என்பது 'நீ ஆக்கிரமிப்பாளன்' என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கும் சீட்டு. தனக்கு எதிரான சாட்சியத்தை அவரே கண்ணாடிக் காகிதம் போட்டுப் பாதுகாத்து வைத்திருந்தார். சொன்னால் நம்பவில்லை. அனுபவ பாத்தியம் கேட்பதானாலும் தனியார் நிலத்துக்குப் பன்னிரண்டு வருடம், அரசு நிலத்துக்கு முப்பது வருடம். நீர்நிலையாக இருந்தால் முப்பது வருடம் காட்டினாலும் நீதிமன்றம் இரக்கப்படுவது அபூர்வம்.

சரி, அந்த 1905 சட்டத்தில் வரும் அரசு இன்றைக்கு எது? மாநில அரசு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 18-வது இனம் நிலம், 17-வது இனம் தண்ணீர். 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களை எடுத்துக்கொண்டபோது அங்கிருந்த கண்மாய்களும் மேய்ச்சல் காடுகளும் சென்னை அரசிடம் வந்து சேர்ந்தன. ஆகவே உங்கள் ஊர்க் கண்மாயும் பாறையும் மாநில அரசின் சொத்து. பொதுவாக இதுதான் பதில்.

ஆனால் சொத்து யாருடையது என்பது ஒரு கேள்வி, அதைப் பற்றிச் சட்டம் போட யாருக்கு அதிகாரம் என்பது இன்னொரு கேள்வி. டங்ஸ்டன் விவகாரத்தில் எல்லோரும் தடுக்கி விழுந்த இடம் இது.

கனிமத்தைப் பொறுத்தவரை மாநிலப் பட்டியலின் 23-வது இனம் மாநிலத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. கொடுத்த கையோடு 'மத்தியப் பட்டியலுக்கு உட்பட்டு' என்று ஒரு முடிச்சும் போடுகிறது. மத்தியப் பட்டியலின் 54-வது இனத்தின்படி, பொதுநலன் கருதித் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வதாக நாடாளுமன்றம் சட்டத்தில் அறிவித்துவிட்டால், அந்த அளவுக்கு மாநிலம் ஒதுங்க வேண்டும். 1957-ன் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறது. அதிலும் சிறு கனிமங்களை மாநிலத்துக்கே விட்டுவைத்தார்கள். மேலூர்க் கிரானைட் அந்த வகை. குவாரி உரிமம் கொடுத்தது சென்னை, விதி போட்டது சென்னை, கண்மாயும் பாறையும் காணாமல் போனபோது பார்த்துக்கொண்டிருந்ததும் நம் மாநில நிர்வாகம்தான். 2012-ல் மதுரை கலெக்டராக இருந்த சகாயம் அனுப்பிய அறிக்கையில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று கணக்குச் சொன்னார். அதிகாரம் நம் ஊருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் மலை பிழைத்துவிடும் என்று நினைப்பவர்கள் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

டங்ஸ்டன் அப்படியல்ல. 2023-ல் 1957 சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்கள் என்று 24 கனிமங்களைத் தனிப் பட்டியலாக்கி, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஏலப் பணம் மாநிலத்துக்கு, உரிமப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியதும் மாநிலம், ஆனால் ஏலச் சுத்தியல் டெல்லியிடம். நிலம் உங்களுடையது, வீட்டை வாடகைக்கு விடுவது பக்கத்துத் தெருக்காரர் என்கிற மாதிரி ஓர் ஏற்பாடு. அதன்படிதான் 2024 நவம்பர் 7-ல், அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி உள்ளிட்ட ஊர்களைத் தொட்டுக்கொண்டு 2,015 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டிச் சுரங்கத் தொகுதிக்கு ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. ஹெக்டேர் என்றால் சிறியதாகத் தெரியும். கிட்டத்தட்ட ஐயாயிரம் ஏக்கர்.

டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானத்துக்குச் சட்ட பலம் உண்டா? கிடையாது. தீர்மானம் என்பது சபையின் குரல். சட்டமாகவே இயற்றியிருந்தால்? ஏலத்தைத் தடுக்கிற சட்டமாக இருந்தால் 54-வது இனத்தில் மோதி உடைந்திருக்கும். மாநிலம் ஏற்கெனவே எதிர்த்து எழுதியது, எதிர்க்கவில்லை என்று சென்னையும் டெல்லியும் மாறி மாறிச் சொன்னதற்குள் நான் போகவில்லை. மாநிலத்தின் கையில் ஒன்றுமே இல்லையா என்றால், அதுவும் தப்பு. மேல்மண் மாநிலத்துடையது. பத்திரத்தில் கையெழுத்து மாநிலத்துடையது. 2024 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிம உரிமைக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு, கனிமம் எடுப்பதற்காகக் கட்டும் ராயல்டி என்பது வரி அல்ல என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அடியில் இருக்கும் கனிமம் எப்போதும் அரசுடையது என்பதும்கூடச் சரியல்ல. மலபாரின் ஜன்மி (பரம்பரை நிலவுடைமையாளர்) நிலங்கள் பற்றிய 2013 வழக்கில், எல்லாக் கனிமமும் அரசுக்குச் சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம். எடுப்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இருக்கிறது, அவ்வளவுதான். மறுபடியும் மேல்வாரம், குடிவாரம்.

"அப்படியானால் மாநிலத்துக்குச் சொந்தமான நிலத்தை மத்திய அரசு பிடுங்கிக்கொள்ள முடியுமா?" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். முடியும். நிலக்கரி நிலங்களைக் கையகப்படுத்த 1957-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை எதிர்த்து மேற்கு வங்கம் வழக்குத் தொடுத்தது. மாநிலங்கள் இறையாண்மை உடையவை அல்ல, மாநில அரசின் நிலத்தையும் நாடாளுமன்றச் சட்டப்படி கையகப்படுத்தலாம் என்று 1962-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டு எழுதினார். எனக்கு என்னவோ அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றும், ஆனால் சட்டம் பெரும்பான்மையோடு போய்விட்டது. நடைமுறையில் பெரும்பாலும் பிடுங்கல் இருக்காது, கேட்டு வாங்குவார்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு 220 ஏக்கருக்கு மேல் மாநிலம் கொடுத்தது அப்படித்தான்.

இன்னொரு மாநிலத்தின் மண்ணில் நமக்கு உரிமை இருக்க முடியுமா? இதற்கு மதுரைக்காரன் வேறு ஊர் உதாரணம் தேட வேண்டாம். மேலூர் வரை பாய்கிற பெரியாற்றுத் தண்ணீர் 1886-ன் குத்தகையில் வருகிறது. திருவிதாங்கூர் மகாராஜா 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகையில், 999 வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1970-ல் வாடகை 30 ரூபாய் ஆனது. மண் கேரளத்துடையது, அணை நம்முடையது. 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றதும், கேரளச் சட்டமன்றம் அவசரமாக ஒரு திருத்தச் சட்டம் போட்டு உயரத்தை 136 அடியில் நிறுத்தியது. தன் மண்ணில் இருக்கும் அணைக்குத் தன் சட்டமன்றம் சட்டம் போடக் கூடாதா என்பது அவர்கள் வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அதைச் செல்லாது என்றார்கள். இரண்டு தரப்பின் உரிமையைத் தீர்மானித்து முடிந்த தீர்ப்பை, ஒரு தரப்பின் சட்டமன்றம் சட்டம் போட்டு அழிக்க முடியாது என்பது காரணம். பட்டியலில் 'தண்ணீர்' மாநிலத்துக்கு என்று எழுதியிருப்பது எதுவரை செல்லும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நாட்டின் மண்ணையே அயல்நாட்டுக்குக் கொடுப்பது இன்னும் கடினம். மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில், நிர்வாக ஒப்பந்தம் போதாது, அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதே வருடம் ஒன்பதாவது திருத்தம் வந்தது. 2015-ல் வங்கதேசத்தோடு திட்டுத்திட்டான நிலங்களை மாற்றிக்கொண்டபோதும் நூறாவது திருத்தம் தேவைப்பட்டது. கச்சத்தீவுச் சண்டையின் முடிச்சும் இதுதான். ராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த 285 ஏக்கர் தீவை 1974 ஒப்பந்தம் இலங்கைப் பக்கம் விட்டது. அதற்குத் திருத்தம் போடவில்லையே என்று நாம் கேட்கிறோம். அது தகராறில் இருந்த எல்லையை வரையறுத்ததுதான், மண்ணைக் கொடுத்ததல்ல என்கிறது மத்திய அரசு.

இப்போது மாமா. அவர் பயம் அவருக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவிலேயே வந்தது. அங்கே அரசியலமைப்பின் நான்காவது பிரிவு, மத்திய அரசின் நிலங்களைப் பற்றி விதி போடும் அதிகாரத்தை அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கொடுக்கிறது. நாட்டின் மொத்த நிலத்தில் கால் பங்குக்கு மேல் மத்திய அரசுடையது, நெவாடாவில் எண்பது சதவீதம். 1995-ல் யெல்லோஸ்டோன் பூங்காவை, அருகில் வரவிருந்த சுரங்கத்தால் ஆபத்து என்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு அபாயப் பட்டியலில் சேர்த்ததும், நம் நிலத்தில் ஐ.நா.வுக்கு என்ன வேலை என்று கிளம்பினார்கள். காங்கிரஸின் அனுமதி இல்லாமல் எந்த இடத்தையும் அப்படிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்ற மசோதா 1997-லும் 1999-லும் கீழ்ச்சபையில் நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை. சபையின் காதில் போடாமல் நிர்வாகம் தானாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்கிற அளவில் அவர்கள் கேட்டது நியாயம். நிலம் பறிபோகும் என்றதுதான் வீண் பயம். 1972-ன் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை, இடம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் இறையாண்மையை முழுதாக மதிப்பதாக ஆறாவது பிரிவிலேயே சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் 2012-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஒரு சென்ட் நிலம்கூட யார் பெயருக்கும் மாறவில்லை.

அரிட்டாபட்டிக் கதையில் மாமா யோசிக்க வேண்டிய திருப்பம் ஒன்று இருக்கிறது. 1992-ல் ரியோவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் பல்லுயிர் உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது. அதை நிறைவேற்ற நம் நாடாளுமன்றம் 2002-ல் பல்லுயிர்ச் சட்டம் போட்டது. வெளிநாட்டு உடன்படிக்கை வெளிநாட்டுச் சட்டமாக உள்ளே வருவதில்லை, நம் சபை வழியாகத்தான் வரும். அந்தச் சட்டத்தின் 37-வது பிரிவின்படி மாநில அரசு 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேரைப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். 2024 டிசம்பர் 24-ல் மத்திய அரசு தன் ஏலத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னபோது எடுத்துக் காட்டிய காரணம் எது தெரியுமா? தொகுதிக்குள் அந்த 193 ஹெக்டேர் வருகிறது என்பது. ஐ.நா. என்று எதைப் பார்த்துப் பயப்பட்டாரோ அதுதான் ஏலத்தின் காலைக் கட்டிய கயிறு. அந்தக் கயிறு மட்டுமே போதவில்லை என்பதும் உண்மை. 193 ஹெக்டேரை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தில் தோண்டும் வழி திறந்தே இருந்தது. நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையம் வரை 2025 ஜனவரி 7-ல் சனம் நடந்த பிறகுதான், 23-ஆம் தேதி முழு ஏலமும் ரத்தானது. தலமாக அறிவித்தால் ஆடு மாடு மேய்க்க விடமாட்டார்கள் என்ற பேச்சும் உண்டு. ஊர்க்காரர்களின் வழக்கமான புழக்கத்துக்கு, அவர்களாக ஒத்துக்கொண்டதைத் தவிர, தடை போடக் கூடாது என்பது தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல்.

நான் பயப்படுவது வேறு திசையைப் பார்த்து. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் விவாதமே இல்லாமல் ஒரு சட்டம் நிறைவேற்றியது: சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் ஒரு திட்டம் வந்தால், உள்ளே இருக்கும் ஓடை, வாய்க்கால், கண்மாயையும் சேர்த்துத் திட்டத்துக்குக் கொடுக்க வழி வைத்திருக்கிறது. தாசில்தாரோ கலெக்டரோ செய்ய முடியாததைச் சட்டமன்றம் ஒரு பிற்பகலில் செய்துவிட முடியும். ஐ.நா. வர வேண்டியதில்லை. நீர்நிலையை அரசு மக்களுக்காகக் காக்கும் தர்மகர்த்தா என்று 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கிலும், ஊர்ப் பொது நிலங்களைக் காலி செய்து மீட்க வேண்டும் என்று 2011-ல் ஜக்பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புகள்தாம். அவற்றை வைத்து நாம் வழக்குப் போடப் போகிற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிற்பதே உலகனேரிக் கண்மாயில்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

மூன்றாவது மேல்வாரக்காரரை மறந்துவிட்டேன். ஊராட்சி. 1994 ஊராட்சிச் சட்டத்தின் 134-வது பிரிவின்படி மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, மந்தை, வண்டிப்பாதை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டவை. கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை பார்க்கும், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உங்கள் ஊர்க் கண்மாய் எந்தக் கணக்கு என்று முதலில் கேட்டு வையுங்கள். கலுங்கு உடைந்தால் இரண்டு ஆபீஸும் ஒன்றை ஒன்று கை காட்டும்.

அப்புறம், இத்தனை பேரின் அதிகாரமும் கடைசியில் வந்து இறங்குகிற இடம், சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் எழுதியிருக்கும் ஏ பதிவேடு. சர்வே எண்ணுக்கு நேரே 'சர்க்கார் புறம்போக்கு, கண்மாய்' என்று இருக்கிறவரை மேலே சொன்ன தீர்ப்பு எல்லாம் உங்கள் பக்கம். அது 'தரிசு' என்று மாறிய நாளில் பாதி வழக்கு தோற்றாயிற்று. ஒவ்வொரு தாலுகாவிலும் மே, ஜூன் வாக்கில் ஜமாபந்தி நடக்கும். ஊர்க் கணக்கையெல்லாம் மேசையில் விரிக்கும் நாள் அது. மனு கொடுத்து ஏ பதிவேட்டு நகலும் புலப்படமும் வாங்குங்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய பதிவேட்டையும் கேளுங்கள், "பழையது எதுக்கு" என்பார்கள், விடாதீர்கள். அதில் பரப்பு ஏக்கர், சென்ட்டில் இருக்கும். புதியதில் ஹெக்டேர், ஏரில் இருக்கும். ஒரு ஹெக்டேருக்கு 2.47 ஏக்கர் என்று பெருக்கி, இரண்டும் ஒத்து வருகிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் எந்தப் பசலியில் (வருவாய் ஆண்டில்), யார் உத்தரவில் குறைந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் தம்பி, மிச்சத்தைப் பார்ப்போம்.